வினையும் பஞ்சும்

பருத்தித் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே இழுப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு மருத்துவத்தில் பிஸினோசிஸ் என்று பெயர். நூற்பாலையில் பேல் உடைக்கும் இடம், ப்ளோ ரூம், கார்டிங் என்ற முதல் கட்டங்களில்தான் தூசி அதிகம். திருப்பூர், பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரம் முழுக்க இப்படிப்பட்ட ஆலைகள் இருக்கின்றன. பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்து மறுபடி நூலாக்கும் ஓ.இ. மில்களும், துணியின் மேல்பரப்பைச் சுரண்டிப் பூவிழை எழுப்பும் ரைசிங் பட்டறைகளும் தூசிக்குக் குறைந்தவை அல்ல. இருந்தும் மூச்சு முட்டுகிறது என்று வரும் மில் தொழிலாளியின் மருந்துச் சீட்டில் ஆஸ்துமா என்றோ, நாள்பட்ட சளி என்றோ, டி.பி. சோதனை செய்க என்றோதான் எழுதியிருக்கும். பிஸினோசிஸ் என்று எழுதிய சீட்டு அபூர்வம்.

நோய் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி. இத்தனை பேர் இருக்க இவருக்கு மட்டும் ஏன் வந்தது என்பது வேறொரு கேள்வி. முதலாவதை மருத்துவர் கேட்கிறார். இரண்டாவதை நோயாளியும் வீட்டாரும் கேட்கிறார்கள். அதற்குச் சமயம் பதில் சொல்லி வந்திருக்கிறது. இரண்டாவதற்கான பதிலை எடுத்து முதலாவதன் இடத்தில் வைத்துவிட்டால் நோய் கண்ணில் படாமலே போய்விடும்.

பிஸினோசிஸ் நோயின் நடை விசித்திரமானது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஷிப்ட்டில் நின்ற சில மணி நேரத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். இருமல் வரும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதனில் தணிந்துவிடும். அடுத்த திங்களன்று மறுபடி வரும். சில ஆண்டுகளில் செவ்வாய்க்கும் புதனுக்கும் பரவி, கடைசியில் வேலையை விட்ட பிறகும் விடாத மூச்சுத் திணறலாக நிலைத்துவிடும். 1950களில் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் இந்த வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்தார். அந்தப் படிநிலைக்கு இன்றும் அவர் பெயர்தான். பருத்தியோடு ஒட்டிவரும் இலைச் சருகில் வாழும் பாக்டீரியாக்களின் நஞ்சே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. வாரம் முழுக்க அதற்குப் பழகும் உடம்பு, ஒரு நாள் ஓய்வில் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. வேலையால் வரும் ஆஸ்துமாவோ பெரும்பாலும் எதிர்த்திசையில் போகும்: வார இறுதி நெருங்க நெருங்கக் கூடி, விடுமுறையில் குறையும்.

எக்ஸ்ரேயில் இந்த நோய்க்கென்று தனி அடையாளம் கிடையாது. இரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது. திங்கட்கிழமை ஷிப்ட்டுக்கு முன்னும் பின்னும் மூச்சை ஊதவைத்து அளந்தால் குறைவு தெரியும். ஆனால் அப்படி அளக்க வேண்டும் என்று தோன்றுவதற்கே முதலில் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். என்ன வேலை, எந்தச் செக்‌ஷன், எந்தக் கிழமை மோசம்? இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில், நோயாளியிடம் கேட்கவேண்டியவை என்று ஹிப்போகிராட்டஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு தொழில் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முன்னூறு ஆண்டு கடந்தும், கூட்டம் நிற்கும் கிளினிக்கில் முதலில் விடுபடுவது அந்தக் கேள்விதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திங்கட்கிழமை என்ற அடையாளம் வார விடுமுறை உள்ளவருக்குத்தான் தெரியும். மில் ஹாஸ்டலில் தங்கி, ஆர்டர் நெருக்கடியில் ஞாயிறும் ஷிப்ட்டுக்குப் போகும் பெண்ணுக்கு எந்தக் கிழமையும் மற்றக் கிழமையைப் போலத்தான். ஓய்வு இல்லாத இடத்தில் நோயின் முதல் அறிகுறியே காணாமல் போகிறது. முடியாதவர்கள் தாமாகவே வேலையை விட்டு நின்றுவிடுவதால் ஆலைக்குள் எண்ணிப் பார்க்கும்போது மிஞ்சியிருப்பவர்கள் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே. ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிய தொழிலாளியின் இருமல், பருத்தி ஆலையே இல்லாத ஓர் ஊரின் மருத்துவர் முன்னால் போய் நிற்கும். இந்தியாவில் இந்நோய் அரிது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. மும்பையிலும் அகமதாபாத்திலும் ஆலைத் தொழிலாளர்களை முறையாகக் கேட்டுச் சோதித்த பிறகுதான் அது ஆட்டம் கண்டது.

உண்மையிலேயே அரிதான நோய்களும் துணித்தொழிலில் உண்டு. ஸ்பெயினின் அல்கோய் வட்டாரத்தில் 1992இல், துணியில் ஸ்ப்ரே முறையில் பிரிண்டிங் செய்த இளம் தொழிலாளர்கள் கடுமையான நுரையீரல் அழற்சியில் விழுந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஒரு பட்டறையின் பெயரால் அது ‘ஆர்டிஸ்டில்’ நோய் ஆயிற்று. அதற்கு முன் அந்த நோயை யாரும் கண்டதில்லை. தோலில் பட்டால் பெரிய கேடு செய்யாத சாயக் கலவை, நுண்துளியாகி மூச்சில் ஏறியபோது கொன்றது. பாடநூலில் இல்லாத நோயானாலும், பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வேலை செய்தவர்கள் என்று பார்த்த பிறகே காரணம் பிடிபட்டது. அரிய நோயைக் கண்டறிய அசாதாரணமான மேதை வேண்டும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிதாக இடம் கொடுக்கவில்லை.

அடுத்தது இரண்டாவது கேள்வி. ஒரே ப்ளோ ரூமில் பத்துப் பேர் பதினைந்து ஆண்டு நிற்கிறார்கள். ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் நுரையீரல் கெடுகிறது. பீடி, உடல்வாகு, நின்ற இடம், நின்ற காலம் என்று மருத்துவம் சில வேறுபாடுகளைச் சொல்லும். அவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. மருத்துவம் அதை நிகழ்தகவு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இருமுகிறவருக்கு அது பதிலாகத் தெரிவதில்லை. கொங்கு நாட்டு வீடுகளில் அந்த இடத்தை நிரப்புபவை தலையெழுத்து, ஏழரைச் சனி, குலதெய்வத்துக்கு விட்டுப்போன நேர்ச்சை. மானிடவியலாளர் எவன்ஸ் பிரிட்சார்ட் 1937இல் ஆப்பிரிக்க அசாண்டே மக்களைப் பற்றி எழுதிய நூலில் இதன் இணையைக் காணலாம். தானியக் குதிர் சரிந்து கீழே உட்கார்ந்திருந்தவர் சாகிறார். கறையான் அரித்ததால் சரிந்தது என்பது அசாண்டேயருக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆள் உட்கார்ந்திருந்த அந்த வேளையில் ஏன் சரிந்தது என்பதற்கே அவர்கள் சூனியத்தைச் சொல்கிறார்கள். கறையானை அவர்கள் மறுக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

வினைக்கொள்கையை முழுமூச்சாக ஏற்ற மரபுகளும் கறையானை மறுக்கவில்லை. கொங்கு மண்ணிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன் வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. பனிக்காலத்தில் இந்தப் பிணி வருவது இந்த நிலத்தின் இயல்பு என்பதைச் சம்பந்தரே ஒப்புக்கொள்வதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். அப்போது பாடப்பட்டதுதான் திருநீலகண்டப் பதிகம். அந்தச் செயலுக்கு இந்தப் பலன் என்ற வினைக்கணக்கில்தான் அது தொடங்குகிறது. ஆனால் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறை என்று அடியார்களைக் கேட்கிறது. பாடலின் பலனாகப் பிணி நீங்கியது அந்த ஊராருக்கு மட்டுமல்ல, அந்த நாடு முழுமைக்கும் என்று புராணம் முடிக்கிறது. பதிகத்தால் காய்ச்சல் தீருமா என்பது அவரவர் நம்பிக்கை. நிலத்தால் வந்த நோய்க்கு நிலம் முழுவதற்கும் தீர்வு வேண்டும் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது.

சைவ சித்தாந்தம் பிராரத்த வினை, அதாவது இப்பிறவியில் நுகர வந்த வினை, வந்து சேரும் வழிகளை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என்று மூன்றாக வகுக்கிறது. வினை வெறுங்கையோடு வருவதில்லை; ஏதோ ஒரு பொருளின் வழியாகவே வரும். அப்படியானால் ‘இது வினை’ என்று சொன்ன பிறகும், எந்தப் பொருள் வழியாக வந்தது என்ற விசாரணை முழுதாக மிச்சமிருக்கிறது. பௌத்தம் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் துறவி, மனிதர் படும் இன்ப துன்பமெல்லாம் பழைய வினையால்தானா என்று புத்தரைக் கேட்கிறான். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், முறைகேடான நடைமுறை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழைச் சொல்லி, எட்டாவதாகத்தான் வினையைச் சேர்க்கிறார் புத்தர். எல்லாமே வினை என்பவர்கள் கண்முன் உள்ளதைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். ஆனால் ‘மருந்து’ அதிகாரத்தின் பத்துக் குறளில் ஊழ் தலைகாட்டவில்லை. உணவைப் பற்றித்தான் அதில் பெரும்பகுதி. பிறகு நோயையும் அதன் மூலத்தையும் தேடும் மருத்துவன்.

இவற்றையெல்லாம்விடத் திருப்பூருக்கு நெருக்கமாக வருவது சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூலின் விமானஸ்தானம் மூன்றாம் அத்தியாயம். ஊர் ஊராக மக்கள் ஒரே நோயில் விழுவது எப்படி? உடல்வாகும் உணவும் வயதும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும்போது நோய் மட்டும் எப்படி ஒன்றாக வருகிறது? எல்லோருக்கும் பொதுவான காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் கெடுவதால் என்கிறார் அந்நூலில் போதிக்கும் ஆத்திரேயர். அவை ஏன் கெடுகின்றன? அதர்மத்தால். யாருடைய அதர்மம்? நாட்டுக்கும் நகரத்துக்கும் வணிகக் குழுவுக்கும் தலைமை வகிப்பவர்கள் அறம் தவறி நடத்துகிறார்கள். அவர்களை அண்டி இருப்பவர்களும் வியாபாரத்தில் பிழைப்பவர்களும் அதை மேலும் வளர்க்கிறார்கள். அதே அத்தியாயத்தில், ஆயுள் முன்கூட்டியே தீர்ந்துவிட்ட கணக்கு என்றால் மருந்துக்கும் காப்புக்கும் வேலையே இல்லை என்றும் வாதிக்கப்படுகிறது.

வினைக்கொள்கையின் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, அது படுகிறவன் மேலேயே பழியைப் போடுகிறது என்பது. நடைமுறையில் அது பெரும்பாலும் அப்படித்தான் பயன்பட்டிருக்கிறது. தீராத நோயோடு இருப்பவருக்கு அது ஆறுதலாக இருப்பதையும் மறுக்க முடியாது. எதற்கும் பொருளில்லை என்பதைவிட ஏதோ கணக்கு இருக்கிறது என்பது சிலருக்குத் தாங்கக்கூடியது. ஆனால் அந்த ஆறுதலை நோயாளி தனக்குச் சொல்லிக்கொள்ளலாம்; சூப்பர்வைசரோ மருத்துவரோ அதை அவருக்குச் சொல்ல உரிமை இல்லை. சரகரின் கணக்கில் வினையின் முகவரி நோயாளியின் முற்பிறப்பு அல்ல, ஆலையை நடத்துகிறவர்களின் இப்பிறப்பு. நொய்யலில் நீர் கெட்டபோது சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்கு யாருடைய ஜாதகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆற்றில் சாயம் ஓடுவது ஊருக்கே தெரியும். ப்ளோ ரூம் காற்று உள்ளே நிற்பவருக்கு மட்டுமே தெரியும்.

சிகிச்சை என்று வரும்போது, நோயாளியின் வினையா ஆலையின் வினையா என்ற இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இன்ஹேலர் மூச்சுக்குழலைத் தளர்த்தி இதம் தரும். நிலைத்துவிட்ட சேதத்தைத் திருப்பும் மருந்து இல்லை. வெல்லமும் வாழைப்பழமும் பஞ்சை இறக்கிவிடும் என்ற நம்பிக்கை மில்களில் பரவலாக உண்டு. தின்பது போகும் குழாய் வேறு, மூச்சு போகும் குழாய் வேறு. முதல் படியிலேயே ஆளைத் தூசியிலிருந்து விலக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே சரியான மருந்துச் சீட்டு என்பது செக்‌ஷன் மாற்றம், தூசி உறிஞ்சும் எந்திரம், சுத்தமான பஞ்சு. இவற்றில் ஒன்றையும் மெடிக்கல் கடையில் வாங்க முடியாது. ‘வேறு வேலை பாருங்கள்’ என்று மருத்துவர் சொல்வது மருத்துவப்படி சரி. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாடகையும் மளிகைக் கடனும் வைத்திருப்பவருக்கு அது பாதிச் சிகிச்சை மட்டுமே. அமெரிக்கா 1978இல் நூற்பாலைக் காற்றில் பருத்தித் தூசிக்குக் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தபோது, செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும் என ஆலை முதலாளிகள் வழக்காடினர். செய்ய முடிந்த அளவுக்குத் தொழிலாளியைக் காப்பதே சட்டத்தின் கட்டளை, லாபநட்டக் கணக்கு தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது.

‘ஏன் இவருக்கு’ என்ற மிச்சத்தை இந்தியச் சட்டம் தன் வழியில் தீர்த்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பருத்தித் தூசி நோய் இருந்தது. அந்த வேலையில் குறித்த காலம் தொடர்ந்து இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, அது வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது 52ஏ பிரிவு. பத்துப் பேரில் இவர் ஏன் என்று நோயாளி விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 89ஆம் பிரிவில், அட்டவணை நோய் என்று கருதும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிப்பதைக் கடமையாக்கியது; அதன் இடத்தில் இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அந்தக் கடமையை வைத்துக்கொண்டிருக்கிறது. நோயாளியின் பெயரும் முகவரியும், இருப்பதாகக் கருதும் நோய், இப்போது வேலை செய்கிற அல்லது கடைசியாக வேலை செய்த ஆலை ஆகியவற்றை எழுதினால் போதும் என்றது 89ஆம் பிரிவு. முன்பு வேலை செய்தவரும் அதில் அடங்குவதால், பல்லடத்தில் பேல் உடைத்துவிட்டு ஊர் திரும்பியவரை ஒடிசாவின் ஒரு சிற்றூரில் பார்க்கும் மருத்துவரையும் அந்தக் கடமை சேர்த்தே கட்டுகிறது.