பாசறைக்குப் போகும் பாட்டு

1941-இல் ஜெர்மானியப் படையின் கைக்கு வந்த பெல்கிரேடு வானொலி, இரவு 9.55 ஆனால் ஒரே பாட்டைப் போடும். படைமுகாம் வாசலில், விளக்குக் கம்பத்தடியில் காதலியைப் பிரிகிற சிப்பாயின் பாட்டு. ‘லிலி மார்லேன்’ என்று பெயர். பாடியவர் லாலே ஆண்டர்சன். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் அதற்காகக் காத்துக் கிடந்தார்கள். எதிரே பதுங்குகுழியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதே அலைவரிசையைத் திருகி வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். நாஜிப் பிரசார அமைச்சர் கெப்பல்ஸுக்கு மட்டும் அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது. சண்டைக்குப் போகிறவனுக்கு இப்படியா ஒரு சோகப் பாட்டு என்பது அவர் கட்சி.

லண்டனிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். அதே ஆண்டில் பிபிசியில் பாடகி வீரா லின் நடத்திய நிகழ்ச்சி, கடல் கடந்து போன சிப்பாய்களுக்குக் காதல் பாட்டையும் வீட்டுச் சேதியையும் கொண்டுபோனது. மருத்துவமனைக்குப் போய்ப் பிள்ளை பெற்றவளைப் பார்த்துவிட்டு வந்து, எங்கோ இருக்கும் தகப்பனுக்குக் காற்றில் சேதி சொல்வார். இந்த உருக்கமெல்லாம் ஆண்பிள்ளைகளைக் கரைத்துவிடும் என்று மேலிடத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு எதிரி நாடுகளின் பெரிய மனிதர்களும் ஒத்துப்போன விஷயங்கள் அதிகம் இருக்க முடியாது; இது அவற்றில் ஒன்று.

போர்க்காலத்தில் பாசறைக்குத் தாமாகவே போகும் கலைஞர்கள் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்வதுண்டு: நாங்கள் போருக்காகப் போகவில்லை, அங்கே நிற்கும் பையன்களுக்காகப் போகிறோம். இந்தப் பிரிவினை நிற்குமா? மேலே சொன்ன இரண்டையும் வைத்துப் பார்த்தால் நிற்கும் போலத்தான் தெரிகிறது. சிப்பாய் கேட்டது ஒன்று, அவனை அனுப்பியவர்கள் அவனுக்கு ஊட்ட நினைத்தது வேறொன்று. பாடகி சிப்பாயின் பக்கம் நின்றார். கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

முடியவிடாதவர் நடிகையும் பாடகியுமான மார்லீன் டீட்ரிச். பெர்லினில் பிறந்தவர், ஹிட்லரின் ஆட்சி பிடிக்காமல் 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 1944 முதல் அல்ஜீரியா, இத்தாலி, பிரான்ஸ் என்று அமெரிக்கப் படையின் பின்னாலேயே போய்ப் பாடினார். ‘லிலி மார்லேன்’ பாட்டையும் பாடினார். தாய் அப்போது பெர்லினில்தான் இருந்தார், நேச நாடுகளின் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த பெர்லினில். அமெரிக்க உளவுத்துறைக்காக டீட்ரிச் அதே பாட்டை ஜெர்மன் மொழியிலும் பதிவுசெய்து கொடுத்தார். எதிரிச் சிப்பாயின் காதில் விழுந்து, அவனுக்கு வீட்டு நினைவைக் கிளப்பி, அவன் மனத்தை உடைப்பதற்காக. அதே குரல், அதே பாட்டு. ஒரு பக்கம் தெம்பூட்டும் மருந்து, மறுபக்கம் தெம்பைப் பறிக்கும் ஆயுதம். மனத்தெம்பு என்பது தோட்டா, ரொட்டி, பெட்ரோல் மாதிரி படைக்குப் போய்ச் சேரும் சரக்குகளில் ஒன்று என்று அந்த இசைத்தட்டு பச்சையாகச் சொல்லிவிட்டது. ‘பாடத்தானே செய்தேன்’ என்று கையைக் கழுவ இனி எந்தப் பாடகருக்கும் வழியில்லை. டீட்ரிச் கழுவவும் இல்லை. 1960-இல் ஜெர்மனிக்குப் பாடப் போனபோது துரோகி என்ற பழிச்சொல்லை நேருக்கு நேர் கேட்டுக்கொண்டார்.

சரி, பங்கு உண்டென்றே வைத்துக்கொள்வோம். அதற்காகப் போகாமல் இருந்துவிடலாமா? இரண்டாம் உலகப்போரில் களத்தில் நின்ற அமெரிக்கர்களில் பெரும் பங்கினரும், வியட்நாமில் நின்றவர்களில் கணிசமானோரும் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்து வரப்பட்டவர்கள். பாட்டை மறுத்தால் போர் ஒரு நாள் கூடக் குறையாது. பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு மாலைப்பொழுதுதான் குறையும். போரை மூட்டியவனை விட்டுவிட்டு அதில் மாட்டிக்கொண்டவனிடம் கணக்குத் தீர்ப்பது நியாயமாகாது. ஆனால் இந்த வாதத்துக்கும் ஒரு முள் இருக்கிறது. பாட்டு எவ்வளவுக்கெவ்வளவு ஆற்றுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அவன் அந்தக் குழியில் தாக்குப்பிடிப்பான். மறுநாள் சுடவும் செய்வான். இந்த முள்ளைப் பிடுங்க முடியாது. தெரிந்தே போக வேண்டியதுதான்.

சங்கப் பாட்டில் இதற்கு ஒரு பழைய வேறுபாடு உண்டு. ஆளைக் களத்துக்குக் கூப்பிடும் போர்ப்பறை ஒன்று. புண்பட்டு வீட்டுக்கு வந்தவனைச் சுற்றி எழும் இசை மற்றொன்று. புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில் வேப்பிலை செருகியிருக்கிறது, ஐயவி என்னும் வெண்கடுகு தூவியிருக்கிறது, நறும்புகை எழுகிறது. யாழும் மணியும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடி, புண்பட்டவனைக் காக்கப் பெண்கள் புறப்படுகிறார்கள். அந்தப் போர் சரியா தவறா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ‘பாசறைக்குப் போனாரா’ என்று கலைஞரிடம் கேட்பதைவிட, ‘எந்த இசையைக் கொண்டுபோனார்’ என்று கேட்பதே பொருத்தம். அமெரிக்கப் பாடகி ஜேன் ஃப்ரோமனின் கதையில் விடைக்கு அலைய வேண்டியதில்லை. அமெரிக்கப் படையினருக்குப் பாடக் கிளம்பியவருக்கு, 1943-இல் லிஸ்பனில் விமானம் விழுந்து கால்கள் நொறுங்கின. உடன் வந்த பாடகி தமாரா டிராசின் இறந்துபோனார். ஃப்ரோமன் 1945-இல் ஊன்றுகோல்களோடு ஐரோப்பாவுக்குப் போய், காயம்பட்டவர்கள் முன்னால் நின்று பாடினார்.

பாப் ஹோப்பின் கதை அவ்வளவு எளிதல்ல. 1941 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு விமானதளத்தில் தொடங்கியவர், அரை நூற்றாண்டுக் காலம் போய்வந்தார். 1964 முதல் 1972 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸும் வியட்நாம். உழைப்பைக் குறை சொல்ல வாயில்லை. ஆனால் 1969 பயணத்தில், போரை முடிக்க அதிபர் நிக்சனிடம் திட்டம் இருக்கிறது என்று மேடையில் சொன்னபோது, அதுவரை சிரித்த கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. நகைச்சுவை நடிகர் ஒரு வாக்கியத்தில் அரசின் தூதராகிவிட்டதைச் சிப்பாய்கள் அறிஞர்களைவிட வேகமாகக் கண்டுகொண்டார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த நிகழ்ச்சிகள் படமாக்கப்பட்டு அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சியில் ஓடின. வெயிலில் உட்கார்ந்து சிரிக்கும் பையன்களைப் பார்த்து வீட்டிலிருந்தவர்கள் ஆறுதல் அடைந்தார்கள். தெம்பு எங்கே ஊட்டப்பட்டது, களத்திலா, வரவேற்பறையிலா?

1971-இல் நடிகர்கள் ஜேன் ஃபோண்டாவும் டொனால்டு சதர்லண்டும் வியட்நாம் போரை எதிர்க்கும் ஒரு கேலி நிகழ்ச்சியோடு கிளம்பினார்கள். படைத்தளங்களுக்குள் இடமில்லை, தளங்களை ஒட்டிய காபிக்கடைகள் போன்ற இடங்களில் நடத்தினார்கள். அவர்களும் சிப்பாய்க்காகத்தான் என்றார்கள். வந்து சிரித்தவர்களும் சிப்பாய்களே. ஆனால் அங்கும் ஒரு சேதி கட்டாயப் பொட்டலமாகக் கூடவே போனது. நல்ல சேதிதான், இருந்தாலும் சேதிதான்.

கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் சேதி எதையும் கொண்டுபோகவில்லை, பாடத்தான் போனார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றில் மேடையிலிருந்து பார்த்தால், முன் இருக்கைகளில் ஜெர்மானியப் போர்க்கைதிகள். நாட்டின் சீருடையை அணிந்திருந்த கறுப்பினச் சிப்பாய்கள் அவர்களுக்குப் பின்னால். கைதிகள் வெள்ளையர்கள் என்பதைத் தவிர அந்த வரிசைக்கு வேறு காரணம் கிடையாது. ஹார்ன் மேடையை விட்டு இறங்கினார். கைதிகளைத் தாண்டி நடந்து, கறுப்பினச் சிப்பாய்களின் முதல் வரிசைக்கு முன்னால் நின்று, ஜெர்மானியர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினார். அதன் பிறகு அவர் முகாம்களுக்குப் போனது தன் சொந்தச் செலவில்.