வருவேன் என்று சொன்னது யார்?

அக்கா மகன் என் கைப்பேசியைப் பிடுங்கி அந்த வீடியோவை மறுபடியும் ஓடவிட்டான். மேகம் விலகுகிறது. மலைகள் தெரிகின்றன. காய்ந்த நிலம், ஓரமாகக் கடல். இசை ஏறுகிறது. 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' என்று பெயர் மட்டும் வந்து நிற்கிறது. அரை நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மனிதர் கிடையாது, சண்டை கிடையாது, கதை என்று ஒரு வரி கிடையாது. 2018 ஜூன் மாதம் இதை முதன்முதலில் அவனுக்குக் காட்டியபோது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் எஸ்பிஎம் எழுதப் போகிறான். மீசை வந்துவிட்டது. கேம் வரவில்லை.

"மாமா, இது ஹேமர்ஃபெல்தான். பாருங்க, கடல் இந்தப் பக்கம் இருக்கு."

ஏழு வருஷமாக அதே மலை, அதே பேச்சு. நானும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தேன். நாற்பதை நெருங்கும் ஆள் ஒருவன் இல்லாத ஊரின் கடற்கரை எந்தப் பக்கம் என்று மாமாக் கடையில் உட்கார்ந்து வாதாடுவதை அக்கா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அன்று இரவு எனக்கு உறைத்தது வேறு. இந்த ஆசையில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் இதே ஆசையில் இருந்தபோதுதான் நான் ஒருமுறை கேவலமாக நடந்துகொண்டேன். காத்திருக்கிற ரசிகனுக்கு யாராவது கடன்பட்டிருக்கிறார்களா என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

முதலில் என் கடனைச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு, நான் இரண்டாம் படிவம். பசார் மாலாமில் துணிக்கடைக்கும் ஆப்பாம் பாலிக் கடைக்கும் நடுவே ஒரு மேசை. அதில் பிளாஸ்டிக் உறையில் திருட்டு சிடிகள். ஒரு சிடி ஐந்து வெள்ளி. 'பால்டர்ஸ் கேட்' ஐந்து சிடி. இருபத்தைந்து வெள்ளி சேர்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கடைக்காரன் பேரம் பேசவிடவில்லை. திருட்டுப் பொருளுக்கும் நியாய விலை என்று ஒன்று அவனுக்கு இருந்தது. பிறகு 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்', நான்கு சிடி. மூன்றாவது சிடியில் கீறல் விழுந்திருந்ததால் சட்டையில் துடைத்துத் துடைத்துப் போட வேண்டியிருந்தது.

அந்த விளையாட்டு எனக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது கற்றுக்கொடுத்தது தக்கோன் என்ற ஒருவனை. பழைய பிறவி ஒன்றில் நாயகன் அவன் உயிரைக் காப்பாற்றுகிறான். பதிலுக்குத் தக்கோன், நீ சாகும்வரை உனக்கு ஊழியம் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறான். நாயகனுக்குச் சாவே கிடையாது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. முடிவே வராத ஒரு வாக்கில் மாட்டிக்கொண்ட அடிமை. விளையாடுகிற நாம்தான் அவனுடைய எஜமானன், நமக்கோ பழைய பிறவி எதுவும் ஞாபகமில்லை. பதினான்கு வயதில் இதைப் படித்துவிட்டு (படிக்கத்தான் வேண்டும், அந்த கேமில் சண்டையைவிட எழுத்து அதிகம்) கணினியை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இதைச் செய்தவர்களுக்கு நான் ஒரு காசு கொடுத்ததில்லை. பசார் மாலாம் மேசைக்காரனுக்குக் கொடுத்தேன். 2003 டிசம்பரில் அந்தக் குழுவை, பிளாக் ஐல் ஸ்டூடியோஸை, அதன் தாய் நிறுவனமான இன்டர்பிளே மூடியது. பாதி வளர்ந்த 'ஃபாலவுட்' மூன்றாம் பாகம் அதோடு செத்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே 'பால்டர்ஸ் கேட்' மூன்றாம் பாகமும் போயிருந்தது. தாய் நிறுவனம் பணமில்லாமல் திண்டாடியதற்கு நூறு காரணங்கள் இருக்கும். நான் கொடுக்காத பணம் அதில் எத்தனையாவது காரணம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. அன்று எனக்கு வந்தது குற்ற உணர்வு அல்ல, கோபம். எனக்கு வரவேண்டியதை யாரோ பறித்துவிட்டார்கள் என்ற கோபம். திருட்டு சிடி வாங்கியவனுக்கு எங்கிருந்து அந்த உரிமை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து கிக்ஸ்டார்ட்டர் வந்தது. 2012 செப்டம்பரில் அதே பழைய ஆட்கள் சிலர் அப்சிடியன் என்ற தங்கள் ஸ்டூடியோவிலிருந்து, பழைய பாணியில் ஒரு ஆர்பிஜி செய்கிறோம், காசு கொடுங்கள் என்று கேட்டார்கள். அப்போது எனக்கு வேலை இருந்தது, கிரெடிட் கார்டு இருந்தது. இருபத்தைந்து டாலர் கட்டினேன். அன்றைக்கு ஏறக்குறைய எழுபத்தைந்து வெள்ளி. கையிலிருந்த விளையாட்டுக்குக் காசு கொடுக்காதவன், இல்லாத விளையாட்டுக்குக் கொடுத்தேன். என்னைப் போல எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து கிட்டத்தட்ட நாற்பது லட்சம் டாலர் திரட்டினோம். பழைய பாவத்துக்குப் பரிகாரம் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

2014 ஏப்ரல் என்று சொன்னார்கள், 2015 மார்ச்சில் வந்தது. நடுவே அவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களை கேடிஎம் ரயிலில் நின்றுகொண்டே படிப்பேன். இன்று ஒரு கோட்டையின் படம், அடுத்த மாதம் ஒரு தெய்வத்தின் பெயர். அந்த இரண்டரை வருஷத்தில் என் மண்டைக்குள் ஒரு முழு கேம் கட்டிவிட்டேன். அதில் ஒரு தக்கோன் இருந்தான், பதினான்கு வயது நான் இருந்தேன், இருட்டு அறைகூட இருந்தது. 'பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி' வந்தபோது அது நல்ல விளையாட்டாக இருந்தது. சொன்னதைச் செய்திருந்தார்கள். நான் பாதியில் விட்டுவிட்டேன். இன்றுவரை முடிக்கவில்லை. அவர்கள் எந்த வாக்கை மீறினார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஏமாற்றமாக இருந்தது, அதுவும் உண்மை.

நம் மரபில் காத்திருப்பதற்கென்றே ஒரு திணை வைத்திருக்கிறோம். முல்லை. கார்காலத்தில் வருவேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போகிறான். மழை வருகிறது, கொன்றை பூக்கிறது, ஆளைக் காணோம். குறுந்தொகையில் ஒரு தோழி தலைவியிடம் சாதிக்கிறாள்: இது கார்காலமே இல்லை, பருவம் தப்பிய மழை, கொன்றை மரத்துக்கு அறிவில்லை, ஏமாந்து பூத்துவிட்டது. ரிலீஸ் தள்ளிப்போகும்போதெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் இந்தத் தோழி வேலையைச் செய்வான். "தள்ளிப்போட்டா நல்லதுதான் பிரதர், பக் எல்லாம் கிளியர் பண்றாங்க." ஆனால் அந்தத் தலைவிக்கு ஒரு வாக்கு இருந்தது. முகம் பார்த்துச் சொன்ன வாக்கு. ஒரு மலையைக் காட்டி இசை போட்டால் அது வாக்கா? அந்த முப்பது சொச்சம் விநாடிகளில் எந்தத் தேதியும் இல்லை. வருவேன் என்று அது சொன்னதாக நாங்கள்தான் கேட்டுக்கொண்டோம்.

தேதி சொன்னவர்களும் உண்டு. என் அசிங்கம் அங்கேதான் நடந்தது.

'சைபர்பங்க் 2077' (இதைச் சுத்தமான ஆர்பிஜி என்று சேர்க்கலாமா என்று சண்டை போடுபவர்கள் போடட்டும்) 2012இல் அறிவிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் என்றார்கள், பிறகு செப்டம்பர், பிறகு நவம்பர் 19. அக்டோபர் தொடக்கத்தில், வேலை முடிந்தது, இனி மாற்றமில்லை என்ற பொருளில் அறிவிப்பும் வந்தது. நான் நவம்பர் 19 முதல் நான்கு நாள் லீவு போட்டேன். அது கோவிட் காலம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர் நடுவிலிருந்து மறுபடியும் கட்டுப்பாடு. தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது. அந்த நான்கு நாள்தான் எனக்குத் தீபாவளி. அக்டோபர் 27ஆம் தேதி, இன்னும் மூன்று வாரம் தள்ளிவைக்கிறோம் என்றார்கள்.

அப்போது நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். வாடிக்கையாளருக்கு மேலாளர் ஒரு தேதி கொடுத்திருந்தார். எங்களைக் கேட்டுக் கொடுக்கவில்லை. சனி ஞாயிறு எல்லாம் வீட்டு மேசையில்தான். இரவு ஒரு மணிக்கு அந்தச் செய்தியைப் பார்த்தேன். பார்த்ததும், அந்த கேமில் வேலை செய்யும் ஒருவரின் ட்விட்டர் பதிவுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். நீங்கள் எல்லாம் சோம்பேறிகள், பொய்யர்கள், வேறு வேலை பாருங்கள் என்று. இன்னும் ஒரு சொல்லும் இருந்தது, அதை இங்கே எழுத மாட்டேன். எழுதிவிட்டு மேலாளருக்கு அனுப்ப வேண்டிய கோப்பைத் திருத்த உட்கார்ந்தேன்.

அடுத்த நாள், அந்த ஸ்டூடியோவில் இருப்பவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வருவதாக அவர்களில் ஒருவரே எழுதியிருந்தார். நான் மிரட்டவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நானும் நின்று கத்தியிருக்கிறேன். யாரையும் கட்டாயப்படுத்தி அதிக நேரம் வேலை வாங்க மாட்டோம் என்று 2019இல் சொல்லியிருந்த நிறுவனம், கடைசி வாரங்களில் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியிருந்தது என்பதையும் அப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஏற்கெனவே தலைப்பில் பார்த்திருந்தேன், நுழைந்து படிக்கவில்லை. படித்திருந்தால் கோபப்பட முடியாமல் போயிருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கலாம்.

தக்கோனுக்காக இருட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். வாக்கில் மாட்டிய ஒருவனின் ஊழியத்தை அனுபவிக்கும் எஜமானனாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அந்த விளையாட்டு காட்டியிருந்தது. இருபது வருஷம் கழித்து, போலந்தில் யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். அதுவும் என் ஞாயிற்றுக்கிழமை என்னிடமிருந்து போன அதே மாதத்தில். தேதியைச் சொன்னவர் மேலே எங்கோ இருந்தார். கையில் கிடைத்தவரைத்தான் அடித்தேன்.

நிறுவனத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. டிசம்பர் 10இல் வெளிவந்தபோது பழைய பிளேஸ்டேஷனில் அது விளையாடவே முடியாத நிலையில் இருந்தது. எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. விற்ற பொருள் ஓடவில்லை என்றால் பணத்தைக் கேட்க வேண்டியதுதான். எண்பது லட்சம் பேர் முன்பணம் கட்டியிருந்தோம், கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் என் கோபம் அதற்காக வந்ததில்லை. அக்டோபரில் நான் திட்டியது தள்ளிவைத்ததற்கு. டிசம்பரில் ஊரே திட்டியது போதுமான அளவு தள்ளிவைக்காததற்கு. என் கணினியில் அது ஓரளவு நன்றாகவே ஓடியது என்பதால் டிசம்பரில் நான் மௌனமாக விளையாடிக்கொண்டிருந்தேன். நியாயத்தைப் பற்றி எனக்கு அப்போது எந்த அக்கறையும் இருக்கவில்லை.

அந்தப் பதிவை அழித்தேன். அழிப்பது சுலபம், ஆர்பிஜியில் பழைய சேவ் ஃபைலைத் திறப்பதுபோல. ஆனால் யாருக்கு எழுதினேனோ அவர் அதைப் படித்திருந்தால், அவருக்கு அது படித்ததுதான். மன்னிப்புக் கேட்டு எழுதலாமா என்று யோசித்தேன். நூற்றுக்கணக்கான வசைகளுக்கு நடுவே என் பெயர் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது, என் மனம் ஆற அவரை மறுபடியும் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டேன். அது அக்கறையா, கோழைத்தனமா என்று இன்றும் தெரியவில்லை.

ஆசையை நிறுத்திவிட்டேனா? இல்லை. 2024 டிசம்பரில் அதே ஸ்டூடியோ 'தி விட்சர் 4' டிரெய்லரை விட்டது. ஆறு நிமிடத்தில் சிரி வளர்ந்த பெண்ணாக, தனியாக, ஒரு கிராமத்தின் பலியைத் தடுக்க வந்து நிற்கிறாள். எனக்குக் கை நடுங்கியது. 2027க்கு முன் வராது என்கிறார்கள். வராமல் இருக்கட்டும் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய மனிதனாகிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் என்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டியிருக்கும் என்று விலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, முன்பணம் கட்டுவதில்லை. வந்த பிறகு முழு விலைக்கு வாங்குகிறேன். பசார் மாலாம் பையனுக்கு அது ஒருவேளை புரியும்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன், கொஞ்சம் சுருக்கி. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு. அவன் தே ஆய்ஸை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். கடைசியில், "நீங்களா மாமா அப்படி எழுதினீங்க?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கைப்பேசியை என் பக்கம் தள்ளினான். மலை அப்படியே உறைந்து நின்றது.

"இப்ப வந்துடக் கூடாது மாமா," என்றான். "எஸ்பிஎம் முடியட்டும்."