மாற்றுக் கருத்தினரோடு உரையாடும் முறை



திருப்பதி, சித்தூர்ப் பக்கங்களில் வாழும் பௌத்தக் குடும்பங்களுக்குச் சோதனையொன்று அடிக்கடி நேர்வதுண்டு. உறவினர் திருமலைக்கு முடிகாணிக்கை செலுத்தப் புறப்படுகின்றனர், நம்மையும் அழைக்கின்றனர். வாரோம் என்பது நம் உரிமை. ஆனால் நம்மவருள் சிலர் அதனோடு நில்லாது, அவர்தம் நம்பிக்கையை எள்ளி நகையாடுகின்றனர். அன்றே இரு வீட்டாருக்கும் போக்குவரத்து அற்றுப்போகிறது. இதனால் தம்மம் வளர்ந்ததா? கேட்கவேண்டிய செவி மூடிக்கொண்டதே கண்ட பலன்.

இச்சீமையின் சரித்திரமே நமக்கொரு பாடம் கூறும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர இராஜ்யம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுட் சேர்ந்தது. திருத்தணியும் திருப்பதியும் தமிழர்க்கே உரியவையென ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தனர். பின்னர்ப் படாஸ்கர் நடுவராக அமைந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பேசும் மொழியை ஆராய்ந்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்நாளைய சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. கேட்டதனைத்தும் எவருக்கும் கிட்டவில்லை. ஆயினும், 'எவர் பெரியர்?' என்னும் வினா ஒழிந்து, 'இக்கிராமத்தில் வழங்கும் மொழி யாது?' என்னும் வினா எழுந்தபின்னரே வழி பிறந்தது. ஆராயத்தக்க சிறு வினாவே பெரும் பகையைத் தணிக்கும்.

பகவன் புத்தரின் வழியும் இதுவே. நாளந்தாவில் அவரை வாதில் வெல்ல வந்தவர் உபாலி என்னும் நிகண்டநெறிச் செல்வர். தம்மத்தின் மெய்யுணர்ந்து அவர் சரண்புக முன்வந்தபோது, நன்கு ஆராய்ந்தே முடிவு செய்யுமாறு பகவன் பணித்தார். அதுமட்டுமன்று, நிகண்டத் துறவியர்க்கு அவர் இல்லம் அளித்துவந்த அன்னத்தை நிறுத்தலாகாதென்றும் அறிவுறுத்தினார். கருத்து மாறலாம், கனிவு மாறலாகாது என்பதன்றோ இதன் பொருள்?

பிறர் தம்மை இகழினும் சினம் கொள்ளாதீர் என்று சீடர்க்கு உரைத்தவரும் அவரே. சினந்தவனுக்குப் பிறர் சொல்லில் மெய் எது, பொய் எது எனப் பகுத்தறியும் ஆற்றல் இராது.

ஆகவே, மாற்றுக் கருத்தினரிடம் முதலில் கேட்போம். அவர் கூற்றை அவரே ஒப்பும்படி எடுத்துரைப்போம். உண்மையாயினும் பயனும் காலமும் நோக்கியே பேசுவோம். கொள்கையில் உறுதியும் சொல்லில் மென்மையும் உடையோரைக் கண்டே பிறர் தம்மத்தை மதிப்பர்.

அனைத்துயிரும் இன்புறுக!