போதலும் இருத்தலும்

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. பிரிவுக்கென ஒரு திணையையே வகுத்துக் கொண்ட மரபு நம்முடையது. கல்விக்காகப் பிரிதல், பகை மேற்சென்று பிரிதல், தூது சென்று பிரிதல் என்றெல்லாம் பிரிவுகளை எண்ணி வைத்த தொல்காப்பியர், பொருளுக்காகப் பிரிதலையும் அவற்றோடு சேர்த்தே எண்ணினார். ஆயினும், “போகலாமா, கூடாதா?” என்னும் வினாவுக்கு இலக்கணம் விடை தருவதில்லை. அவ்வினா ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகவே எழுகிறது. ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்து குடியேறிய நம் போன்ற குடும்பங்களில் அது இருமுறை எழுகிறது. முதலில் நம்மைப் பற்றி, பின்னர் நம் பிள்ளைகளைப் பற்றி.

அண்மையில் நம் தமக்கையார் மகன் அவ்வினாவை நம்மிடம் கொண்டு வந்தான். அவன் விமானி. இந்திய விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாக இருக்கிறான். வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்று அவனை அழைத்திருந்தது. மலை மந்திரில் முருகனை வணங்கிவிட்டுப் படியிறங்கும்போது, “மாமா, போகட்டுமா, வேண்டாமா? நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள்” என்றான். தந்தையை இழந்த பிள்ளைக்குத் தாய்மாமன் சொல்லும் சொல்லுக்கு நம் குடும்பங்களில் எவ்வளவு எடை உண்டு என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்த எடையை எண்ணியே அன்று விடை கூறாது வந்தோம்.

வீட்டுக்கு வந்தபின் நினைவுக்கு வந்தது பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டு 301 அடிகளைக் கொண்டது. பொருள் தேடப் புறப்படு என்று தூண்டும் தன் நெஞ்சுக்குத் தலைவன் சொல்லும் மறுமொழியே அது. காவிரிப்பூம்பட்டினமே கைவருவதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்பது அவன் முடிவு. ஆனால் பாட்டின் மிகப் பெரும்பகுதி, அவன் வேண்டாம் என்று மறுக்கின்ற அந்தப் பட்டினத்தின் வளத்தையும் கரிகாலனின் பெருமையையுமே பேசுகிறது. கடலில் வந்த பொருளும் நிலத்தில் வந்த பொருளும் மலிந்து கிடக்கும் தெருக்களை ஒன்று விடாமல் காட்டிவிட்டு, அதன் பிறகே “வாரேன்” என்கிறான். துலாக்கோலில் ஒரு தட்டைக் குறைத்து வைத்துவிட்டு மற்றதைப் பெரிது என்பது நேர்மை ஆகாது. இரு தட்டிலும் உள்ளதை உள்ளபடி வைத்த பிறகே முள்ளைப் பார்க்க வேண்டும். நாமும் அவ்வாறே செய்ய முயன்றோம்.

முதலில் வெளிநாட்டுத் தட்டு. அங்கே ஊதியம் மிகுதி. வளைகுடா நாடுகளில் அதற்கு வருமான வரியும் இல்லை. உள்நாட்டில் மும்பைக்கும் சென்னைக்குமாகச் சிறிய விமானத்தில் பறக்கும் இளைஞன், அங்கே கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பெருவிமானத்தில் அமரலாம். வலவனுக்குத் தேர் எப்படியோ அப்படியே விமானிக்கு விமானம். பெரியதைச் செலுத்த வேண்டும் என்னும் வேட்கை பேராசை ஆகாது. தொழில் மேல் கொண்ட காதலின் ஒரு கூறே அது. ஆனால் அந்தத் தட்டில் வேறு சிலவும் உள்ளன. அங்கே குடியிருக்கும் உரிமை பெரும்பாலும் வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் உரிமையும் முடியும். விமானியின் வேலையோ அடிக்கடி நடைபெறும் மருத்துவச் சோதனையில் தொங்கிக் கொண்டிருப்பது. நம் போன்ற எழுத்தர்க்கு ஒரு காது சற்று மந்தமானால் மேலதிகாரி கொஞ்சம் உரக்கப் பேசுவார், கோப்பு நகர்ந்துவிடும். விமானிக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி உள்நாட்டுத் தட்டு. இங்கே தாய் இருக்கிறாள். மொழி தெரிந்த கடைத்தெரு இருக்கிறது. விழாவும் உறவும் உள்ளன. ஆனால் நாட்டில் இருந்தால் நிலைபெறலாம் என்று உறுதி கூற நம்மால் இயலவில்லை. கிங்ஃபிஷர் நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். நம் மருமகன் இருநூறு மணிப் பறப்பை முடித்து, தொழில்முறை விமானி உரிமம் பெற்றது 2018-இல். அடுத்த ஆண்டு ஒரு பெரு நிறுவனம் சாய்ந்து, அனுபவம் மிக்க விமானிகள் பலர் வேலை தேடி நின்றனர். அதற்கடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்து வானத்தையே மூடிவிட்டது. 2022 வரை அவன் வேலையின்றி வீட்டில் இருந்தான். வேலை இல்லாத காலத்திலும் உரிமம் காலாவதியாகாமல் காக்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் நாடு அவனை ஏன் என்று கேட்கவில்லை. இன்று அவனிடம் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசப் புகுவோர் இதையும் நினைத்துக் கொள்ளுதல் நன்று.

எனினும், நாட்டுக்கு அவன் ஒன்றும் கடன்படவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தில் அஞ்சல் பைகளைக் கொண்டு வந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்ட்சென்ட் அவற்றைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். பிரிந்திருப்போர் எழுதிய கடிதங்களைச் சுமப்பதாகத்தான் நம் நாட்டு விமானப் போக்குவரத்து தொடங்கியது. 1990-இல் குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது அங்கே சிக்கிய இந்தியர்களில் 1,70,000 பேருக்கு மேல் விமானங்களில் தாயகம் மீட்கப்பெற்றனர். 2020 மே மாதத்தில் கொள்ளைநோய்க்கு நடுவே பல நாடுகளில் தவித்து நின்றவர்களை அழைத்து வரவும் இந்திய விமானங்களே சென்றன. போனவர்களை அழைத்து வருவதற்கு, போகாமல் இருந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இதைப் புலம்பெயர்ந்து வாழும் நாம் மறத்தலாகாது.

2025 டிசம்பரில் நடந்ததும் நினைவில் இருக்கும். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூட்டியும், இரவில் தரையிறங்குவதைக் குறைத்தும் வகுக்கப்பெற்ற புதிய விதிகளுக்கு ஏற்ற அளவில் விமானிகளை ஆயத்தம் செய்து கொள்ளாமையால், ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. திருமணத்துக்குப் புறப்பட்டவரும் ஈமக்கடனுக்குப் புறப்பட்டவரும் நிலையங்களில் படுத்துக் கிடந்தனர். ஒரு விமானி இல்லாமற்போனால் நூற்றைம்பது பேர் வழியில் நிற்பார்கள். விலகுமுன் துணை விமானி ஆறு மாதமும், தலைமை விமானி ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2017-இல் விதி வகுத்ததன் கருத்தும் இதுவே. அதைத் தளை என்று சொல்லும் இளைஞர் உண்டு. போகும் உரிமை ஒருவனுக்கு உண்டு. ஆனால் பாதி வழியில் இறங்கிப் போகும் உரிமை இல்லை என்றே நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம்.

இவ்வாறு தட்டுகளை நிரப்பிப் பார்த்தும் முள் ஒரு பக்கம் நிற்கவில்லை. அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. யாருடைய வாழ்க்கை இந்த முடிவால் மிகுதியும் மாறுமோ அவரை நாம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் நம் தமக்கையார்.

ஆர்.கே.புரத்தில் அவருடைய சிறு வாடகை வீட்டுக்குச் சென்று கேட்டோம். கீரை ஆய்ந்து கொண்டே அவர் சொன்னார்: “தம்பி, அவன் போகட்டும். நான் தடுக்கவில்லை. ஆனால் ‘உனக்காகப் போகிறேன் அம்மா’ என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல். அந்தப் பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.”

அச்சொல் அவன் பொருட்டுச் சொல்லப்பெற்றது, தைத்ததோ நம்மை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் மத்திய அரசில் எழுத்தர் வேலை கிடைத்துக் கும்பகோணத்தை அடுத்த நம் சிற்றூரை விட்டுப் புறப்பட்டபோது, நாம் நம் அன்னையாரிடம் சொன்னது அதே வாக்கியம்தான். உண்மையில் நாம் யாருக்காக வந்தோம்? தலைநகரைக் காணும் ஆசை இருந்தது. ஊரில் பட்டம் பெற்றும் வேலையற்று இருப்பவன் என்னும் பெயரிலிருந்து தப்பும் ஆசை இருந்தது. அவற்றை மறைத்து அன்னையின் பெயரை முன்னிறுத்தினோம். அன்று முதல் அவர் தனிமையைப் பற்றி முறையிடும் உரிமையையும் இழந்தார். தமக்காகப் போனவனைக் குறைகூற ஒரு தாயால் எப்படி இயலும்?

2008 ஜனவரியில் அவர் காலமானார். செய்தி வந்த நாளில் தில்லியைப் பனிமூட்டம் மூடியிருந்தது. விமானங்கள் எழவில்லை, தொடர்வண்டிகளும் காலந்தாழ்ந்தே புறப்பட்டன. சென்னை வரை 33 மணி என்னும் பயணம் அன்று அதனினும் நீண்டது. நாமும் தமக்கையாரும் ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசி ஆறு ஆண்டுகளும் அன்னையாரைக் கவனித்துக் கொண்டவர், மருந்து வாங்கி வந்தவர், இரவில் விழித்திருந்தவர், கொள்ளி வைத்தவர் நம் அண்ணன். அவர் ஊரில் இருந்ததால்தான் நாம் தில்லியில் இருக்க முடிந்தது. நாம் அனுப்பிய பணத்தைக் குடும்பம் தியாகம் என்றது. அவர் இருந்த இருப்பை யாரும் எந்தப் பெயராலும் அழைக்கவில்லை.

பின்னர் அண்ணன் பிள்ளைகளோடு சென்னைக்குப் போனார். 2016-இல் ஊர் வீட்டை விற்றோம். தமக்கையாரின் பங்கும் நம் பங்கும் வங்கிக் கடனும் சேர்ந்தே மருமகனின் பயிற்சிக் கட்டணமாயிற்று. எந்த வீட்டைக் காட்டி “இங்கே இரு” என்று அவனுக்குச் சொல்ல வேண்டுமோ, அந்த வீட்டை விற்றுத்தான் அவனுக்குச் சிறகு வாங்கினோம். தில்லியில் பிறந்து வளர்ந்தவனிடம் ‘ஊர்’ என்று நாம் எதைச் சுட்டுவது? வளைகுடாவிலிருந்து சென்னை நான்கு மணிப் பயணம். கணக்குப் பார்த்தால், தில்லியில் இருந்த நம்மைவிட அவன் அண்மையில்தான் இருப்பான். தொலைவைக் கிலோமீட்டரால் அளப்பது பிழை. கூப்பிட்டால் வர முடியுமா, வருவதற்கு யார் விடுப்புத் தருவார், வரும் வரை அங்கே யார் இருப்பார் என்பவையே உண்மையான தொலைவு.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. போதல் குற்றம் அன்று. இருத்தல் மட்டுமே அறமும் அன்று. ஒருவன் போகிறான் என்றால் அவனுக்காக ஒருவர் இருக்கிறார் என்று பொருள். அந்த ஒருவரைக் கேளாமல் போவதும், கேட்டபின் அவர் செய்யும் உதவியை மறைத்துத் தன் பிரிவையே தியாகமாகப் பாடிக் கொள்வதுமே குற்றம். இருப்பவர்க்கும் இது பொருந்தும். துணிவின்மையால் தங்கிவிட்டு, “உங்களுக்காகவே போகவில்லை” என்று பெற்றோரைக் காலமெல்லாம் குத்திக் காட்டும் பிள்ளைகளும் உண்டு. பட்டினப்பாலைத் தலைவன் தன் மறுப்பைத் தலைவியிடம் பெருமையாகச் சொல்லிக் கொள்ளவில்லை. தன் நெஞ்சோடு மட்டுமே பேசினான். ஆசை யாருடையது என்பதை ஒருவன் முதலில் தன் நெஞ்சுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மருமகனை அழைத்துத் தமக்கையாரின் சொல்லை அப்படியே சொன்னோம். நெடுநேரம் தலை குனிந்திருந்தான். பிறகு, “பெரிய விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, மாமா. அதுதான் உண்மை” என்றான். அதையே போய் உன் தாயிடம் சொல் என்றோம். சொன்னான். தமக்கையார் சிரித்துவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். ஆறு மாத முன்னறிவிப்பை முறைப்படி கொடுத்திருக்கிறான். கடைசி நாள் வரை ஒழுங்காகப் பணிபுரிந்து செல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

அவன் போன பிறகு தமக்கையார்க்கு உடல் நலம் குன்றினால் மருத்துவமனையில் இரவு விழித்திருப்பது நம் பொறுப்பு. ஆண்டுக்கு முப்பது நாளாகச் சேர்ந்த ஈட்டிய விடுப்பு நம் கணக்கில் போதிய அளவு இருக்கிறது. ஓய்வு பெறும்போது அதைப் பணமாக்கிக் கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோம். இப்போது அதற்கு வேறு பயன் தெரிகிறது. இதை மருமகனிடமும் சொல்லிவிட்டோம். அவன் எதன் மேல் நின்று பறக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருத்தல் நல்லது.

சொல்ல வேண்டிய மற்றொருவர் இருந்தார். சென்ற ஞாயிறன்று சென்னையில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தோம். “அண்ணா, அன்று நீங்கள் ஊரில் இருந்ததால்தான் நான் இங்கே வர முடிந்தது” என்றோம். சிறிது நேரம் மறுமுனையில் ஒலியே இல்லை. பிறகு, “இதைச் சொல்லவா கூப்பிட்டாய்? சாப்பிட்டாயா?” என்றார்.

இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஊரில் இருந்துவிட்ட ஒருவர் உண்டு. பிள்ளைகள் போகலாமா என்று ஆராயும் முன்னர், நாம் வந்தபோது இருந்தவர் யார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.