கழிப்பவர் யார்? கழிக்கப்படுவது எது?

படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகளுள் பழையதை விடுத்துப் புதியதை ஏற்பது பொறியியலாளர் தீர்க்க வேண்டிய காரியம் என்றே பலரும் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. யாழ்ப்பாண மண்ணில் அஃது ஓர் அறவினாவுமாகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. பின்வந்த போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த நூல்களையும் கொண்டுபோயின. எஞ்சியவற்றை, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் படம்பிடித்து இலவசமாக வழங்கி வருகின்றது. நீர்வேலிச் சங்கரபண்டிதர் வாழ்ந்த 19ஆம் நூற்றாண்டின் நூலொன்றைத் தேடும் மாணவன் இன்று காண்பது பெரும்பாலும் காகிதத்தையன்று, அதன் படத்தையே. காகிதம் மடிந்தபின் அப்படமே மூலம். அதிலே எது நிற்கின்றது, எது நீக்கப்படுகின்றது என்பது அற்ப விடயமன்று.

சுருக்கம் இருவகைப்படும்: இழப்பற்றது, இழப்புள்ளது. 1992இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் பின்னைய வகையது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகொண்ட கட்டங்களாக வகுத்து, கண் எளிதிற் காணாத நுண்வேறுபாடுகளை அது கழிக்கின்றது. முகமும் வானமும் இக்கழிவைத் தாங்கும். அச்செழுத்து அவ்வளவு தாங்காது. அளவுமீறிச் சுருக்கினால் எழுத்தின் விளிம்பு கலங்கும். மெய்யின் புள்ளி காகிதக் கறையோடு கலந்துவிடும்.

புள்ளியை இழத்தல் தமிழுக்குப் புதியதன்று. ஓலை கிழியுமென்று ஏடெழுதியோர் அதனை விடுத்தனர்; பதிப்பாசிரியர் பொருள்நோக்கி மீட்டனர். விடுபட்டது இன்னதென்று இருசாராரும் அறிந்திருந்தமையால் அது கூடிற்று. இயந்திரம் கழிப்பதோ தடயமின்றிப் போகலாம். 2013இல் செராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள், ஆவணங்களைப் படியெடுக்கையில் 6 என்னும் இலக்கத்தை 8 ஆக மாற்றியமை வெளியாயிற்று. ஒத்த உருவங்களை ஒன்றாகவே கொள்ளும் சுருக்க முறையே அதற்குக் காரணம். மங்கிய எழுத்தை வாசகன் ஐயுறுவான். தெளிவாகப் பிழைத்த எழுத்தை நம்பிவிடுவான். எகரமும் ஏகாரமும் ஒரு சிறு கோட்டால் வேறுபடும் நம் எழுத்துக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இதனாற் பழைமையைக் கட்டியழ வேண்டுமென்பதில்லை. 2010இல் வந்த வெப்பியும் 2019இல் வந்த ஏவிஐஎஃப்பும் ஒத்த தோற்றமுள்ள படத்தைக் குறைந்த அளவிலே தருகின்றன. காசு கொடுத்து டேட்டா வாங்கிப் படிக்கும் ஏழை மாணவனுக்கு இது பெரும் உதவி. ஆயின் அவனுடைய பழைய கைத்தொலைபேசி அதனைத் திறக்காவிடின் பயன் யாருக்கு? ஏற்கெனவே இழப்புற்ற படத்தை மீண்டும் இழப்போடு மாற்றுவது, படியைப் பார்த்துப் படியெழுதிப் பிழையைப் பெருக்குவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. ஜிஃப் வடிவத்தினுள் இருந்த காப்புரிமைக்கு யூனிசிஸ் நிறுவனம் கட்டணம் கோரும் செய்தி 1994இல் பரவியபோது, உலகெங்குமிருந்த பொறியியலாளர் கூடிக் கட்டற்ற பிஎன்ஜியை உருவாக்கினர். 1996இல் அது வெளிவந்தது. பழைய ஜேபெக் கோப்பை ஒரு துளியும் இழக்காமல் ஐந்திலொரு பங்களவு சுருக்கவல்ல ஜேபெக் எக்ஸ்எல் 2022இல் தரமாயிற்று. அதே ஆண்டிலேயே அதனைத் தன் குரோம் உலாவியினின்று நீக்கக் கூகிள் தீர்மானித்தது. அத்தீர்மானம் பின்னர் எவ்வாறு மாறினும், கோடிக்கணக்கானோர் எதைத் திறக்கலாமென்பதை ஒரு நிறுவனம் வகுக்க முடிந்தது என்பதே நாம் கருதவேண்டியது.

ஆகவே நமது அளவுகோல் பழையதா புதியதா என்பதன்று. மூலப்படி இழப்பற்ற வடிவில் நிற்கட்டும். அவ்வடிவம் எவரது தனியுடைமையாகவும் இராதொழியட்டும். வாசிப்புப்படி, வறியவன் கையிலுள்ள கருவி திறக்கும் எந்தப் புதிய வடிவிலும் செல்லட்டும். எம்முறையால் எவ்வளவு சுருக்கப்பட்டதென்ற குறிப்பு ஒவ்வொரு படத்தோடும் இருக்கட்டும். நூல்களைத் தீயிலே இழந்த மக்கள், எஞ்சியவற்றைச் சிக்கனத்தின் பெயரால் சிறிது சிறிதாக இழக்க உடன்படலாகாது.