காணாது வைக்கும் பணயம்

மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) கஞ்சீபாச் சீட்டில் புதுப்புது ஆட்டங்களை வகுத்து மகிழ்ந்த மைசூரில், தீபாவளி இரவுகளில் நம் இளைஞர் சிலரும் மூன்று சீட்டு ஆடுகின்றனர். காசாசையால் அன்று, கணக்கறிந்தே ஆடுகிறோம் என்பது அவர் வாதம். அக்கணக்கையே ஆராய்வோம்.

தன் சீட்டைப் பாராது பணம் வைப்பதைப் 'பிளைண்டு' என்பர். பாராதவன் ஒரு ரூபாய் வைத்தால், பார்த்தவன் இரண்டு ரூபாயேனும் வைத்தல் வேண்டும். ஆதலின் முதற்சுற்றுகளில் பாராதிருத்தலே சிக்கனம் என்கின்றனர். மெய்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் ஊதியம் எங்கிருந்து வருகிறது? நடுத்தரச் சீட்டுடையவன் இரட்டைப் பணம் கட்ட அஞ்சி விலகுகிறான். அவ்வச்சமே மற்றவன் வருவாய். 'வந்து பார்' என்றழைக்கும் தம்மத்தை ஏற்ற நாம், பார்ப்பவனுக்குத் தண்டம் விதிக்கும் ஆட்டத்தில் அமரலாமோ?

பாராதவனுக்குத் தீய எண்ணம் ஏது என்பாரும் உளர். பகவன் வினையின் வேரைச் சேதனையில், அதாவது நாடும் எண்ணத்தில், வைத்தார். சீட்டைப் பாராதவனும் எதிரில் அமர்ந்த தோழனின் முகத்தைப் பார்த்தவண்ணமே இருக்கிறான், எப்போது தளர்வானென்று. சிகாலோவாத சூத்திரம் சூதின் ஆறு கேடுகளுள் முதலில் வைத்தது தோற்றவன் இழப்பையன்று. வென்றவன் ஈட்டும் பகையை.