பச்சைப் புள்ளி

மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் கணினியை 5 நிமிடம் தொடாமல் விட்டால், பெயருக்கருகே இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். குக்கரை இறக்கப் போனாலும் மஞ்சள். ஒரு சிக்கலை மனத்துக்குள் அலசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மஞ்சள்.

2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோலப் பாவனை காட்டியதாகச் சொல்லி ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது. அப்படிக் காட்டுவது பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்கு விலை வைத்தது யார் என்றும் நான் கேட்பேன். இருப்பையே உழைப்பாக அளக்கும் இடத்தில், இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் ஒரு வேலையாகிவிடுகிறது.

ஆணுக்கும் இதே புள்ளிதான். ஆனால் வீடு இருவரையும் ஒரேபோல் அழைப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்துக்கு எந்தப் புள்ளியும் பச்சையாவதில்லை. நாளெல்லாம் உழைப்பவளை 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்கிறோம். அலுவலகத்திலோ சும்மா இருந்தாலும் கண்ணில் பட்டால் போதும்.

இரண்டும் ஒரே பார்வையின் பிழை. அதனால் புள்ளியை ஏமாற்றும் உபாயங்களைத் தோழிகளுக்குள் பகிர்ந்துகொள்வதோடு நாம் நின்றுவிடக் கூடாது. முடித்த வேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள் என்று சேர்ந்து கேட்க வேண்டும், வீட்டிலும்தான்.